ஜெர்மினால்: கனவும் கணக்கும்

ஈழத்து வாசகருக்கு எமிலி ஸோலா புதியவரல்லர். அவருடைய ‘நானா’ நாவலை அ. ந. கந்தசாமி தமிழாக்கிச் ‘சுதந்திரன்’ பத்திரிகையில் வெளியிட்டார். ஆயினும் தொழிற்சங்கத்திலோ மாணவர் மன்றத்திலோ பொறுப்பேற்றிருப்பவர்கள் ‘நானா’வுக்கு முன்னரே படித்திருக்க வேண்டிய நூல், 1885ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜெர்மினால்’ என்பேன். சுரங்கத் தொழிலாளரின் வறுமையைத் தீட்டிய நாவல் என்று அதனைப் பலரும் போற்றுவர். அப்போற்றுதல் தகும். ஆனால் அந்நாவல் வேறொரு வினாவையும் எழுப்புகின்றது. நிலையற்ற காலமொன்றில் ஓர் இயக்கத்தை நடத்திச் செல்பவனுக்குத் தெளிந்த நோக்கு என்பது யாது? இக்கட்டுரை அவ்வினாவையே எடுத்துக்கொள்கின்றது.

1884 பெப்ரவரியில், வட பிரான்சின் ஆன்ஸான் நிலக்கரிப் பகுதியில் ஏறத்தாழ 12,000 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தனர். ஸோலா அங்கு சென்றார், சுரங்கத்தினுள் இறங்கினார், தொழிலாளர் குடியிருப்புக்களைச் சுற்றிப் பார்த்துக் குறிப்பெடுத்தார். 56 நாள் நீடித்த அவ்வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. கண்டவற்றை அவர் மூன்றாம் நெப்போலியனது ஆட்சியின் இறுதியாண்டுகளில் நிகழ்வதாக அமைந்த கதையொன்றினுள் வைத்தார்.

கதைக்களமாகிய மோன்சூவில் எதுவும் நிலையாக இல்லை. அமெரிக்காவிலிருந்து வரும் கேள்வி குறைகின்றது; ஆலைகள் மூடப்படுகின்றன; விலைபோகாத நிலக்கரி குவிந்து கிடக்கின்றது. சுரங்கத்தில் முட்டுமரம் நாட்டும் வேலைக்கு வேறாகக் கூலி தருவதாகச் சொல்லிக்கொண்டு, கம்பனி ஒரு வண்டி நிலக்கரிக்கான கூலியை 50 சாந்தீமிலிருந்து 40 சாந்தீமாகக் குறைக்கின்றது. முறையிடச் சென்றவர்களிடம் முகாமையாளர் தாமும் ஒரு சம்பளக்காரரே என்கிறார். உண்மையான முதலாளி யார், எங்கிருக்கிறார் என்பது எவருக்கும் தெரியாது.

இந்தச் சூழலில் வேலை தேடி வந்தவன் எத்தியேன் என்னும் இளைஞன். அவன் தொழிலாளரை ஒன்று திரட்டுகிறான், சேமநிதியொன்றை நிறுவுகிறான். வேலைநிறுத்தம் தொடங்கும்போது அந்நிதியில் இருப்பது 3,000 பிராங். வேலையை விட்டு வெளியேறுவோர் 10,000 பேர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 30 சாந்தீம். குறைக்கப்பட்ட கூலியின்படிகூட, ஒரு வண்டி நிலக்கரிக்குரிய காசு அதில் இல்லை.

இதனைக் கம்பனி அறியும். சேமநிதி பெருகிவிட்டால் தனக்கு ஆபத்து என்பதும் அதற்குத் தெரியும். ஆகவே நிதி சிறிதாக இருக்கும்போதே தொழிலாளரைப் போராட்டத்திற் தள்ளி, அதனைக் காலியாக்கிவிட எண்ணுகின்றது. எத்தியேனும் இதனை ஊகித்துக்கொள்கிறான். ஊகித்தும் அவன் போராட்டத்தில் இறங்குகிறான். பசித்தவர்களுக்கு அதனை விட்டால் வேறு வழியும் அதிகமில்லை. பின்னர் அகிலத் தொழிலாளர் சங்கம் லண்டனிலிருந்து 4,000 பிராங் அனுப்புகின்றது. மூன்று நாட் பாணுக்குக்கூட அது போதவில்லை.

அவனைச் சூழ்ந்து மூன்று குரல்கள் ஒலிக்கின்றன. கைக்கெட்டியதைப் படிப்படியாகப் பெறுவோம் என்கிறான் மதுக்கடைக்கார ரஸ்ஸனர். யாவற்றையும் அழித்த பின்னரே புதிய உலகம் பிறக்கும் என்கிறான் ருஷ்ய அராஜகவாதி சுவாரின். அகிலச் சங்கத்தில் சேர்ந்தால் வெற்றி நிச்சயம் என்கிறான் புளூஷார். எத்தியேன் இரவிரவாக நூல்களைப் படிக்கிறான், படித்தவை செரிக்கவில்லை. ஒரு நாள் ஒரு குரலுக்கும் மறுநாள் இன்னொன்றுக்கும் செவிசாய்க்கிறான். நூறாண்டுக்கான கனவு அவனிடம் உண்டு. அடுத்த கிழமைக்கான கணக்கு இல்லை.

இந்தக் குறை மிகத் தெளிவாக வெளிப்படுவது காட்டுக் கூட்டத்திலேயே. நிலவொளியில் 3,000 பேர் வரையில் கூடியிருக்கின்றனர். சுரங்கம் சுரங்கத் தொழிலாளிக்கே உரியது என்று எத்தியேன் முழங்குகிறான். அம்முழக்கம் நியாயமானது, வரலாற்றின் திசையும் அதுவே. கூட்டம் மெய்ம்மறக்கின்றது. ஆனால் விடிந்ததும் மற்றச் சுரங்கங்களுக்குச் செல்வோர் எங்கே நிற்க வேண்டும், எதனைத் தொடக்கூடாது, அவர்களை வழிப்படுத்த வேண்டியவர் யாவர் என்பவை அங்கே ஒழுங்குசெய்யப்படவில்லை. மறுநாள் வடங்கள் அறுக்கப்படுகின்றன, பொறிகள் நொறுக்கப்படுகின்றன. தடுத்து நிறுத்த முயன்ற தலைவனும் மதுவெறியில் அக்கூட்டத்துள் ஒருவனாகிறான்.

பின்னர் இராணுவம் வருகின்றது. துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் மடிகின்றனர். 25 பேர் காயமுறுகின்றனர். காட்டில் எத்தியேனுக்கு ஆரவாரித்த அதே மக்கள் அவன்மீது கல்லெறிகின்றனர். அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று கூறுதல் எளிது. ஆனால் அந்த நோக்கு அவர்களுடையதாக என்றேனும் ஆகியிருந்ததா? கேட்டுக் களித்தார்கள், கூடியிருந்து விவாதித்து, திருத்தி, தமதாக்கிக்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஒருவனது நெஞ்சில் மாத்திரம் வாழும் நோக்கு, அவன் தளரும்போது தானும் தளர்ந்துவிடும்.

இவ்விடத்தில் ஸோலாவோடு நாம் முரண்பட வேண்டியிருக்கின்றது. 20 நாவல்கள் கொண்ட ‘ரூகோன்–மக்கார்’ வரிசையில் இது 13ஆவது. பரம்பரைக் குணம் மனிதரை ஆட்டிவைக்கிறது என்பது அவ்வரிசையின் அடிப்படைக் கொள்கை. ஆகவே எத்தியேனின் வெறிக்கு அவன் முன்னோரின் குடிப்பழக்கத்தைக் காரணமாக்குகிறார் ஆசிரியர். திரண்டெழுந்த மக்களையும் கட்டவிழ்ந்த வெள்ளமாகவே காண்கிறார். அமைப்பின் குறையை இரத்தத்தின் குறையாக்கிவிடும் இயற்பண்புவாதத்தின் வழு இது. ஆயினும் அவருடைய கண் அவருடைய கொள்கையிலும் நேர்மையானது. 3,000 பிராங்கையும் 10,000 வயிறுகளையும் அவரே நமக்குக் காட்டுகிறார். தோல்விக்குக் காரணத்தை அவ்வெண்களில் தேடுவோர்க்கு முன்னோரின் மதுக்கிண்ணம் தேவைப்படாது.

நமது நாட்டின் அண்மைக்கால அநுபவம் இந்நாவலை இன்று மீண்டும் படிக்கத் தூண்டுகின்றது. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று களைத்த மக்கள் காலிமுகத்திடலில் திரண்டனர். யார் போக வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயமே இருக்கவில்லை. ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே வெளியேறினார். அடுத்து என்ன என்ற கேள்விக்கு எல்லாரும் ஏற்றுக்கொண்ட விடை அத்திடலில் உருவாகியிருக்கவில்லை. விடை பாராளுமன்றத்திலிருந்து வந்தது. ஜூலை 20இல் புதிய ஜனாதிபதி தெரிவானார். 22ஆந் திகதி விடியுமுன் இராணுவம் திடலுக்குள் நுழைந்தது. மோன்சூவும் காலிமுகத்திடலும் ஒன்றல்ல. அன்று திரண்ட மக்களின் பெருமையும் இதனாற் குறையாது. ஆனால் கோபம் திரள்வதற்கும் அமைப்பு திரள்வதற்கும் உள்ள தூரத்தை இரண்டும் காட்டுகின்றன.

நாவலின் இறுதியில் எத்தியேன் பாரிஸ் நோக்கிப் புறப்படுகிறான். கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த மாயூவின் மனைவி, எஞ்சியோரைக் காப்பாற்ற நாளொன்றுக்கு 30 சூ கூலிக்குச் சுரங்கத்தில் இறங்குகிறாள். அவள் அவனைக் குற்றஞ்சாட்டவில்லை. தவறு எல்லாருடையதும் என்கிறாள். அதிலே பெருந்தன்மை உண்டு. பெரியதோர் அரசியல் உண்மையும் உண்டு. பொறுப்பு எல்லாருடையதுமானால் கணக்குப் பார்க்கும் உரிமையும் முடிவெடுக்கும் உரிமையும் எல்லாருடையனவாக இருத்தல் வேண்டும்.

ஜெர்மினால் என்பது பிரெஞ்சுப் புரட்சி வகுத்த நாட்காட்டியின் ஏழாம் மாதம்; விதை முளைக்கும் மாதம். 1902இல் ஸோலாவின் இறுதி ஊர்வலத்திற் கலந்துகொண்ட சுரங்கத் தொழிலாளர் அந்தச் சொல்லையே முழங்கிச் சென்றனர். முளைக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. நமக்கும் இருக்க வேண்டும். ஆனால் மழை பிந்துமா என்று வானத்தைப் பார்த்தும், விதைநெல் எவ்வளவு என்று அளந்தும், வயலில் இறங்குவோர் எல்லாருடனும் பேசி நாட்குறித்துமே உழவன் விதைக்கிறான். சங்கத்தின் நிதிக்கணக்கை உறுப்பினர் முன் விரித்து வைப்பதும், அடுத்த அடியைக் கூட்டத்தில் விவாதித்துத் தீர்மானிப்பதும், தலைவன் வீழ்ந்தால் அவ்விடத்தில் நிற்கக்கூடியவர்களை முன்கூட்டியே பயிற்றுவதும் சிறு வேலைகளாகத் தோன்றலாம். தெளிந்த நோக்கு என்பது இவற்றால் ஆனது.