பிள்ளை பொது, அடுப்பு தனி

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் பழைய வீடு பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் தடவிப் பார்ப்பார்கள். எனக்கு அண்ணாந்து பார்க்கும் பழக்கம். வீட்டின் நடு முற்றமான வளவைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தின் உத்தரத்தில் இரும்புக் கொக்கிகள் தொங்கும். தூளி கட்டுவதற்கானவை. பிள்ளைப்பேறு நெருங்கி வந்த காலங்களில் ஒரே தாழ்வாரத்தில் மூன்று நான்கு தூளிகள் ஆடியிருக்கும். ஆட்டிவிட்டது பெற்றவளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த நேரத்தில் யார் கை ஒழிந்திருந்ததோ அவர்கள் ஆட்டினார்கள். அப்பத்தா, பெரியாத்தா, சின்னாத்தா, இல்லாவிட்டால் எட்டு வயது அக்காள்.

மனித இனம் தழைத்ததே இப்படிப் பல கைகளால்தான் என்று மானுடவியலாளர் சாரா பிளாஃபர் ஹர்டி 2009-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். சிம்பன்சித் தாய் முதல் சில மாதங்களுக்குக் குட்டியை இன்னொன்றின் கையில் கொடுக்காது. அடுத்த குட்டிக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் மனிதக் கூட்டங்களில் மூன்று நான்கு ஆண்டுகளிலேயே அடுத்த பிள்ளை பிறந்துவிடுகிறது. நம் பிள்ளையோ தன் சோற்றைத் தானே தேட எத்தனையோ ஆண்டுகள் ஆகும். மூத்தது வளருமுன் இடுப்பில் இளையது. ஒருத்தியால் இது நடக்காது. தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே மானுடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸ் குழுவினர் கண்டதும் இதற்குத் துணை நிற்கிறது. கைப்பிள்ளைக்காரியால் அதிகம் தோண்ட முடியாதபோது, பால் மறந்த பிள்ளை தேறுவது பாட்டி தோண்டிவரும் கிழங்கால். மாதவிடாய் நின்றபிறகும் பெண் பல்லாண்டு வாழ்வதற்கு இதுவே காரணம் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அதன் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். நம் மூதாதையரின் பதினெட்டு லட்சம் ஆண்டுப் பழைய எலும்பு, பிள்ளையை யார் தூக்கினார்கள் என்று பேசாது. இன்று காட்டில் வாழ்கிறவர்களைப் பார்த்து அன்றைய வாழ்வை ஊகிக்கிறோம். ஹட்சா மக்களும் நம்மைப்போல் இந்த நூற்றாண்டின் மனிதர்கள்தாம்.

இன்னும் உறுதியான சான்று வேறிடத்தில் இருக்கிறது. ரெபெக்கா சியர், ரூத் மேஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் 45 ஆய்வுகளைத் தொகுத்து, யார் உயிரோடு இருந்தால் பிள்ளை பிழைக்கிறது என்று பார்த்தார்கள். தாய்க்கு அடுத்தபடியாக நம்பத்தகுந்த துணை, தாயைப் பெற்றவள். தந்தையைப் பெற்றவளால் கிடைத்த நன்மை அத்தனை சீராக இல்லை. தந்தை இருப்பது பிள்ளையின் உயிரைக் காத்ததாக மூன்றில் ஒரு பங்கு ஆய்வுகளில்தான் தெரிந்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் நம் வழக்கத்தின் அருமை இங்கே விளங்கும். செட்டிநாட்டில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். அந்த ஆயா கையால் காயம் என்னும் பேறுகால மருந்து சாப்பிட்டுத் தேறியவர்கள் எத்தனை பேர்!

ஆனால் வளவு கணவன் வீட்டு வளவு. அதில்தான் சிக்கல். ஆண்கள் வட்டித்தொழிலுக்காக இரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று மூன்றாண்டுக் கணக்கில் கப்பலேறிப் போனார்கள். மாமியாரும் ஓரகத்திகளும் நிறைந்த வீட்டில் இளம் தாய் தனித்து நின்றாள். இதற்கு நகரத்தார் என்னும் செட்டியார் சமூகத்தார் கண்ட வழிதான் என்னை வியக்கவைக்கிறது. மணமான சில காலத்தில் புதுத் தம்பதியை 'வேறு வைப்பார்கள்'. வீடு அதே வீடு. வளவைச் சுற்றி அவர்களுக்கென்று ஓர் அறை, பின்கட்டில் தனி அடுப்பு, தனிக் கணக்கு. பிள்ளை வளவெங்கும் ஓடும், பசித்தால் தன் ஆத்தாவின் அடுப்புக்கு வரும். தன் பிள்ளைக்கு என்ன ஆக்குவது என்று முடிவு செய்யும் உரிமை அவளிடம் இருந்தது. கூட்டுக் குடும்பத்தின் புகழ் பாடுகிறவர்கள் இந்த ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பொது வளர்ப்பு நிலைத்தது எல்லாம் பொதுவாக இருந்ததால் அன்று. பெற்றவளின் கையில் ஓர் அடுப்பை விட்டுவைத்ததால்தான்.

குறையையும் மூடி மறைக்க மாட்டேன். 'பல கைகள்' என்றேனே, அத்தனையும் பெண் கைகள். இளவயதில் தாலியறுத்தவள் ஊரார் பிள்ளையெல்லாம் தூக்கி வளர்த்தாள். அவளுக்கென்று பிள்ளை கூட்டியபோதும், அதாவது தத்தெடுத்தபோதும், புள்ளி என்னும் குடும்பக் கணக்கு விளங்க ஆண்பிள்ளையைத்தான் கூட்டினார்கள். தம்பியின் தூளியை ஆட்டிய எட்டு வயதுக்காரியின் படிப்பு அங்கேயே நின்றது. பாத்திரம் தேய்க்கவும் மாவாட்டவும் வந்த பெண்ணின் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள்? அந்தத் தூளிக்கு வளவில் கொக்கி இல்லை.

இன்று வளவுகள் பூட்டிக் கிடக்கின்றன. மகளுக்குப் பிரசவம் என்றால் ஆயா சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ விசா எடுத்துப் போகிறாள். எழுபது வயதில், மூட்டு வலி மாத்திரையோடு, பேச்சுத்துணை இல்லாத பதினேழாம் மாடியில் பேரப்பிள்ளையைத் தூக்குகிறாள். பழைய தாழ்வாரத்தில் ஆறு பேர் பகிர்ந்த வேலை அது. இதைப் பாசம் என்ற ஒரே சொல்லால் கடந்துபோவது அநியாயம்.

வளவே இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? மானாமதுரைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் நூறு நாள் வேலை நடந்ததைப் பார்த்தேன். சீமைக்கருவேல மரத்தில் பழைய சேலைத் தூளி. பக்கத்தில் ஒரு கிழவி, ஒரு கையில் கயிறு, மறு கையில் ஈயை விரட்டும் முந்தானை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்த இளம்பெண் பால் கொடுத்துவிட்டு மறுபடியும் கரைக்கு ஓடினாள். 2005-இல் வந்த அந்த வேலைச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது. வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேராவது இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் அதே கூலி தர வேண்டும். பிள்ளை தூக்குவதும் மண் வெட்டுவதும் ஒரே மதிப்புடைய உழைப்பு என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட விதி. கிழவியிடம் கூலி உண்டா என்று கேட்டேன். "பேத்தியைப் பாத்துக்கிறதுக்குக் கூலியா தம்பி?" என்றாள்.

உண்டு, ஆத்தா. கூலி உண்டு. ஆள்கிறவர்களுக்கு ஒரு சொல்: ஊர்தோறும் அங்கன்வாடி இருக்கிறது. தாய் வேலை முடிந்து திரும்பும்வரை அதைத் திறந்துவையுங்கள். பிள்ளை தூக்கும் கைக்குச் சம்பளம் கொடுங்கள். வீட்டில் இருக்கும் ஆண்களும் தூளிக் கயிற்றைப் பிடிக்கட்டும்.