முள்ளுக்கும் ஒரு முகம் உண்டு

புவெனஸ் அயர்ஸ் நகரின் நடுவே ஓடும் ‘ஜூலை 9’ சாலைக்குக் கேமராவோடு போகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே நிற்கும் வெள்ளைத் தூபியைத்தான் எடுக்கிறார்கள். 1936இல் எழுப்பிய அந்தத் தூபி அழகுதான். ஆனால் அதே சாலையில் நிற்கும் பாலோ பொர்ராச்சோ மரம் ஒன்றின் அடிமரத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவருக்குத் தூபி இரண்டாம்பட்சமாகிவிடும்.

நடுவில் பெருத்து மேலே ஒடுங்கும் மரம். இளமையில் பட்டை பச்சையாக இருக்கும். இலை உதிர்ந்து நிற்கும் மாதங்களிலும் அந்தப் பச்சை வெயிலிலிருந்து உணவு சமைத்துக்கொள்ளும். பெருத்த பகுதி வறண்ட காலத்துக்கு நீரைச் சேர்த்து வைக்கிறது. அந்தப் பச்சையின் மேல்தான் முட்கள்: அடி அகன்று, நுனி கூர்ந்து, சாம்பல் நிறத்தில், கோபுரம் கோபுரமாக. கட்டைக்குள் வேரோடிய முட்கள் அல்ல இவை. பட்டையே புடைத்து எழுந்தவை. அர்ஜென்டினாவின் வடகிழக்கிலும் பராகுவேயிலும் தென் பிரேசிலிலும் தானாக வளரும் இந்த மரம் நம் ஊர் இலவமரத்தின் நெருங்கிய உறவு. இரண்டும் சீபா என்ற ஒரே பேரினம். முன்பு இதைக் கோரிசியா என்று தனியே வைத்திருந்தார்கள். ருரிக் கப்பலில் உலகைச் சுற்றிவந்த ஓவியர் லூயி கோரிஸின் பெயரால் வந்தது அது. கண்ணால் பிழைத்த ஒருவரின் பெயர் இந்த மரத்துக்கு வாய்த்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

1891இல் நகரப் பூங்காக்களின் இயக்குநரான கார்லோஸ் தாய்ஸ், வடக்கு அர்ஜென்டினாவின் காட்டு மரங்களைத் தலைநகரின் தெருக்களுக்குக் கொண்டுவந்தார். ஜக்கராந்தாவும் திப்பாவும் பாலோ பொர்ராச்சோவும் அந்த ஊரின் அடையாளமானது அவருடைய உழைப்பால்.

இந்த முள்ளைப் படமாக்குவதில் எல்லாமே வெளிச்சத்தில்தான் இருக்கிறது. உச்சி வெயிலில் எடுத்தால் அடிமரம் முழுக்க வெறும் புள்ளிகள். சூரியன் தாழ்ந்து, ஒளி பட்டையை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரும்போதுதான் ஒவ்வொரு முள்ளும் தன் நிழலை நீட்டும். பார்ப்பவரின் கை கூசுவது அந்த நிழலால்தான். முள்ளின் உயரத்தை நமக்குச் சொல்வதும் அதுவே. சாலை ஏறத்தாழ 140 மீட்டர் அகலம், வடக்குத் தெற்காக ஓடுவது. ஆகவே காலையிலும் மாலையிலும் தாழ்ந்த வெயிலுக்கு அங்கே தாராளமாக இடமிருக்கிறது. தென்கோளத்தில் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

அகலக் கோண லென்ஸை அடிமரத்தோடு ஒட்டிப் பிடித்து முள்ளைப் பூதமாக்கிக் காட்டும் படங்கள் ஏராளம். எனக்கு அவற்றில் ருசியில்லை. 85 அல்லது 100 மில்லிமீட்டர் லென்ஸோடு சற்றுத் தள்ளி நின்றால் முட்கள் தங்கள் உண்மையான அளவில், ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளியோடு அமையும். துளையை எஃப் 8, எஃப் 11 என்று சுருக்க வேண்டும். திறந்துவிட்டால் நுனி தெளிந்து அடி கரைந்துவிடும். ஒளி குறைந்த நேரம் என்பதால் முக்காலி அவசியம். மழை விட்டவுடன் பச்சை ஆழ்ந்து தெரியும். அப்போது பட்டையின் பளபளப்பை அடக்கப் போலரைசர் வடிகட்டி உதவும். ஆனால் முழுதாக அடக்கிவிட்டால் பட்டை செத்துப்போகும். கொஞ்சம் ஈரம் மின்னட்டும்.

செடிகளை அருகில் பார்க்க உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர் கார்ல் பிளாஸ்ஃபெல்ட். 1928இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் மொட்டும் தண்டும் வெற்றுப் பின்னணியில் சிற்பங்களாக நிற்கின்றன. முள்ளின் வடிவத்தைக் கற்க அவரைவிட நல்ல ஆசான் இல்லை. ஆனாலும் தெருமரத்துக்கு அந்த வெற்றுப் பின்னணி பொருந்தாது. மங்கலாக ஒரு பேருந்து, ஒரு சிக்னல் விளக்கின் சிவப்பு, நடந்துபோகிற ஒரு தோள், இவற்றில் ஏதாவது ஒன்று சட்டத்துக்குள் இருக்க வேண்டும். காட்டில் விலங்குகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொண்ட மரம் இப்போது அலுவலகம் போகிறவர்களின் நடுவே அதே ஆயுதங்களோடு நிற்கிறது. அந்த முரண்தான் படம்.

பூக்காலம் பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை. ஐந்து இளஞ்சிவப்பு இதழ், நடுவில் வெண்மஞ்சள். எல்லாக் கேமராவும் அப்போது மேல்நோக்கித் திரும்பிவிடும். பூவைக் குறை சொல்லவில்லை. அது எப்படி எடுத்தாலும் நன்றாக வரும். முள் அப்படியில்லை, எடுப்பவரின் பொறுமையைக் கேட்கிறது. மரம் முதிர முதிர அடிப்பகுதியில் முட்கள் உதிர்ந்து மழுங்குவதும் உண்டு. முள்ளே இல்லாத ஒட்டு ரகங்களையும் தெருவுக்கென்று நாற்றுப்பண்ணைகள் விற்கின்றன. பாதசாரிகளுக்கு அது நல்லதுதான், மரத்துக்குத்தான் முகம் போய்விடுகிறது.

புவெனஸ் அயர்ஸ் போக முடியாதவர்கள் முள்ளிலவைத் தேடுங்கள். இளமரமாகப் பாருங்கள், அதன் அடிமரத்திலும் இதே கூம்பு முட்கள் இருக்கும். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள்.