இனத்தின் வெற்றியா, ஏற்பின் வெற்றியா?

2023 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள் நடைபெற்ற சிங்கப்பூர் அதிபர் தேர்தலில் திரு. தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காட்டு வாக்குகள் பெற்று வாகை சூடினார். அன்று தொட்டுத் தேக்காவின் கடைவீதிகளிலும் தமிழர் கூடும் மேடைகளிலும் 'தமிழர் ஒருவர் வென்றார்' என்னும் தொடர் பெருமிதத்தோடு வழங்கி வருகிறது. அத்தொடர் பிழையன்று, எனினும் முழு உண்மையும் அன்று. அதனை ஆய்ந்து தெளிதல் மாணவர்க்கு மொழி கற்பிப்போரின் கடமைகளுள் ஒன்றாகும்.

எண்கள் உரைப்பது

2020 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, சிங்கப்பூர்வாசிகளுள் சீனர் 74.3 விழுக்காட்டினர், மலாய்க்காரர் 13.5 விழுக்காட்டினர், இந்தியர் 9 விழுக்காட்டினர். தமிழர் அவ்வொன்பதின் ஒரு பகுதியினரே. இந்தியர் அனைவரும் ஒருங்கே வாக்களித்தனர் என்று கொண்டாலும், எஞ்சிய அறுபதுக்கும் மேற்பட்ட விழுக்காடு பிற இனத்தாரிடமிருந்தே வந்திருத்தல் வேண்டும். எதிர்நின்ற திரு. இங் கொக் சொங், திரு. டான் கின் லியான் ஆகிய இருவரும் சீனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆதலின் அவ்வெற்றியை ஆக்கியவர் பெரும்பாலும் தமிழரல்லாதாரே என்பது வெள்ளிடைமலை.

தேர்தற் சின்னமும் இவ்வுண்மைக்குச் சான்று பகரும். அவர் கொண்ட சின்னம் அன்னாசிப்பழம். ஹொக்கியன் மொழியில் அப்பழத்தின் பெயரான 'ஓங் லாய்' என்பது 'நற்பேறு வருக' என்னும் பொருள்பட ஒலிப்பது. தமிழ்ப் பெயர் தாங்கிய வேட்பாளர் சீன மொழியின் சிலேடை வழியாகவும் மக்களின் உள்ளத்தைத் தொட்டார். பிறர் மொழியின் சுவையறிந்து அவர்பால் சென்றவரைப் பிறரும் தம்மவராக ஏற்றனர்.

ஆன்சன் தந்த பாடம்

இவ்வேற்பு 2023 இல் திடீரெனத் தோன்றியதன்று. 1981 இல் திரு. தேவன் நாயர் அதிபராகும் பொருட்டு ஆன்சன் தொகுதியைத் துறந்தார். அதனால் வந்த இடைத்தேர்தலில், யாழ்ப்பாணத்துச் சங்கானையிற் பிறந்த வழக்கறிஞர் ஜே.பி. ஜெயரத்தினம், பாட்டாளிக் கட்சியின் சார்பில் நின்று 51.9 விழுக்காட்டு வாக்குகளுடன் வென்றார். அவர் முன்னர்ப் பன்முறை தோற்றவர். 1968 முதல் நான்கு பொதுத்தேர்தல்களிலும் எல்லா இடங்களையும் வென்று வந்த மக்கள் செயல் கட்சியின் சீன வேட்பாளரை, சீனர் மிகுந்த தொகுதியில், 653 வாக்குகளால் அவர் வீழ்த்தினார்.

அன்று வாக்காளரின் மனத்தை ஆண்டது யாது? துறைமுகத்தை அடுத்திருந்த அத்தொகுதியில், பிளேர் பிளேன் குடியிருப்பிலிருந்த துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள், கொள்கலன் முனைய விரிவாக்கத்திற்காக வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில் இருந்தன. அடுத்த வீடு எங்கே என்னும் கவலை சீனர்க்கும் மலாய்க்காரர்க்கும் தமிழர்க்கும் ஒன்றே. தம் குறையை எடுத்துரைப்பார் யார் என்று நோக்கினார்க்கு அவர்தம் இனம் பெரிதாகத் தோன்றவில்லை. ஆன்சனில் இனத்தை வென்றது வாழ்க்கை நிலை.

கடல் கடந்த ஒப்புமை

அமெரிக்க நாட்டிலும் இதனையொத்த காட்சி உண்டு. 2008 இல் பராக் ஒபாமா அதிபரானபோது, வாக்குச்சாவடிக் கணிப்புகளின்படி, வெள்ளையர் வாக்குகளில் அவர் பெற்றது 43 விழுக்காட்டளவே. எனினும் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய தொழில் மாநிலங்கள் 2008, 2012 ஆகிய இருமுறையும் அவரையே தேர்ந்தன. அம்மூன்றும் 2016 இல் டோனல்ட் டிரம்பின் பக்கம் சாய்ந்தன. ஆலைகள் மூடுண்ட ஊர்களின் மனக்குறையைத் தொட்டுப் பேசியவர்பால் வாக்குகள் சென்றன. கறுப்பினத்தவரை அதிபராக்கியதனால் அந்நாட்டில் இன வேற்றுமை அற்றுப் போயிற்று என்றவர் கூற்று நெடுநாள் நிலைக்கவில்லை.

சிங்கப்பூரும் அவ்வெச்சரிக்கையைப் புறந்தள்ளலாகாது. திரு. தர்மன் நிதியமைச்சர், துணைப்பிரதமர், மூத்த அமைச்சர் எனப் பல்லாண்டு மக்கள் முன் நின்று பணியாற்றியவர். பெருந்திறம் படைத்த ஒருவரை இனம் தடுக்கவில்லை என்பதையே 2023 மெய்ப்பித்தது. நடுத்தரத் திறமுடைய சிறுபான்மையினர் ஒருவர், அதே திறமுடைய பெரும்பான்மையினரோடு போட்டியிட்டால் முடிவு யாதாகும் என்னும் வினா இன்னும் விடையின்றியே நிற்கிறது. உண்மையான சமத்துவம் அவ்வினாவின் விடையில்தான் அடங்கியுள்ளது.

பேசப்படாத வாயில்

இனம் பற்றி உரக்கப் பேசுவோர் மற்றொரு வாயிலைக் காண மறக்கின்றனர். 2016 இல் திருத்தப்பட்ட அரசமைப்பின்படி, ஐந்து தவணைக் காலம் ஓரினத்தார் எவரும் அதிபராகாவிடின், அடுத்த தேர்தல் அவ்வினத்தார்க்கு ஒதுக்கப்படும். தனியார் துறையிலிருந்து வருவோர், பங்குதாரர் முதல் 50 கோடி வெள்ளி கொண்ட நிறுவனத்தை நடத்தியிருத்தல் வேண்டும் என்பதும் விதியாயிற்று. 2017 இல் மலாய் இனத்தார்க்கு ஒதுக்கப்பட்ட தேர்தலில், தொழில்முனைவோர் இருவர் இவ்வளவுகோலால் தகுதி பெறாது நின்றனர். திருவாட்டி ஹலிமா யாக்கோப் போட்டியின்றி அதிபரானார்.

நாட்டின் சேமிப்பைக் காக்கும் பதவிக்குப் பட்டறிவு வேண்டும் என்பது மறுக்கவொண்ணாதது. எனினும் இனத்திற்கெனத் திறந்த வாயில் பொருளளவால் குறுகியதும் மெய்யே. துறைமுகத் தொழிலாளியின் வாக்கு அதிபரை ஆக்கும். அத்தொழிலாளி எவ்வினத்தவராயினும் அதிபராக நிற்றல் அரிது.

வகுப்பறையில் உரைக்க வேண்டியது

திருக்குறளின் அதிகார வைப்பில் தெரிந்துதெளிதல் முன்னும் சுற்றந்தழால் பின்னும் நிற்கின்றன. ஒருவரை ஆராய்ந்து தேர்தல் முதற்கடன். சுற்றம் தழுவுதல் அதன் பின்னது. 'நம்மவர் வென்றார்' என்று மகிழும் மாணவனிடம், 'யார் வாக்கால் வென்றார்?' என்றும் ஆசிரியர் வினவுதல் வேண்டும். தமக்கு இனத்தால் வேறான ஒருவரைச் சீனரும் மலாய்க்காரரும் தேர்ந்தனர். நாளை அத்தகைய தேர்வு தமிழ் மாணவன்முன் வரும்போது அவனும் அவ்வாறே செய்வானா என்பதே உரைகல். பெற்ற ஏற்பைத் திருப்பித் தரக் கற்ற சமுதாயமே அவ்வெற்றிக்கு உரிமை கொண்டாடத் தக்கது.