வாசலில் நூல் பிடிக்கலாமா?

மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில், மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஏறக்குறைய பாதி வழியில் இருக்கிறது காரியாபட்டி. சாலையை விட்டு மல்லாங்கிணறு பக்கமோ திருச்சுழி பக்கமோ இறங்கினால் கரிசல் காடு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அந்த மண் டயரில் அப்பி, சக்கரத்தைச் சுற்றவே விடாது. பழைய மகிந்திரா ஜீப், ஜிப்சி, தார் மாதிரியான ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு இந்தப் பக்கம் மவுசு குறையாததற்கு அதுதான் காரணம். அப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர், வீல் அலைன்மென்ட்டுக்கு மதுரை போகாமல், வீட்டு வாசலிலேயே நூலும் டேப்பும் வைத்துத் தானே பார்த்துக்கொள்ளலாமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டோ பார்க்கலாம். முன்னச்சு ஒரே தண்டாக இருக்கும் பழைய வண்டி என்றால் தாராளமாகப் பார்க்கலாம். கேம்பரையும் கேஸ்டரையும் வாசலில் வைத்துத் திருத்தக் கூடாது. கரிசல் மேல் போட்ட வாசலில் கூடவே கூடாது.

மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன் சக்கரங்களின் முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம்தான் டோ. முன்னால் நின்று பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சு பின்பக்கம் சாய்ந்திருப்பது கேஸ்டர். ஸ்டீயரிங்கை விட்டதும் தானாக நேருக்கு வருவது இதனால்தான். மூன்றில் டயரை வேகமாகத் தின்பது டோ. 73 செ.மீ. விட்டமுள்ள டயர்களில் டோ 3 மி.மீ. தவறாக இருந்தால், ஒவ்வொரு சக்கரமும் கிலோமீட்டருக்குச் சுமார் இரண்டு மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. காரியாபட்டியிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் ஐம்பது மீட்டர் தூரம் ரப்பரைத் தார்ச் சாலையில் தேய்த்த கணக்கு.

ஃபோர் வீல் டிரைவில் இந்த நஷ்டம் டயரோடு முடிவதில்லை. முன் டயர் மட்டும் தேய்ந்து விட்டம் குறைந்தால், முன்னச்சும் பின்னச்சும் ஒரே தூரத்துக்கு வெவ்வேறு சுற்று சுற்ற வேண்டும். பழைய வகை வண்டிகளில் ஃபோர் வீல் லீவரைப் போட்டதும் இரண்டு அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றில் டயர் வழுக்கிக் கொடுத்துவிடும். தரை இறுகலாக இருந்தால் அந்த முறுக்கெல்லாம் இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸில் போய் நிற்கும். அங்கே வைக்கும் செலவோடு பார்த்தால் டயர் விலை ஒன்றுமே இல்லை.

வாசலில் செய்வதற்கு எது இடம் கொடுக்கிறது என்றால், வண்டியின் அமைப்புதான். 1947இல் பம்பாயில் மகிந்திரா ஜோடிக்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பிலிருந்து, பின்னால் வந்த எம்எம் 540, 1985இல் வந்த மாருதி ஜிப்சி வரைக்கும் முன்னச்சு முழுத்தண்டு, நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். இந்த வண்டிகளில் கேம்பரைத் திருப்பி வைக்கத் திருகு எதுவும் கிடையாது. கேம்பர் மாறியிருந்தால் அச்சு வளைந்திருக்கிறது, அல்லது சக்கரம் திரும்பும் கிங் பின்னின் பேரிங் தேய்ந்திருக்கிறது. அது பட்டறை வேலை. கேஸ்டரை மாற்ற ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வைக்க வேண்டும். திருப்பி வைப்பதற்கென்று இருப்பது டோ ஒன்றுதான். அதையும் டேப்பால் அளந்துவிடலாம். பந்தயக் கார் அணிகளில் பலர் இன்றைக்கும் மைதானத்தில் நூல் கட்டித்தான் டோ பார்க்கிறார்கள் என்பதால், இதை ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

அளக்கும் விதத்தில்தான் சூட்சுமம். ரிம்மின் விளிம்பிலிருந்து அளப்பவர்கள் அதிகம். கல்லிலும் பள்ளத்திலும் அடிபட்ட ரிம்மில் இரண்டு மில்லிமீட்டர் கோணல் சாதாரணம். அந்தக் கோணலையே டோ என்று எண்ணித் திருகிவிடுவார்கள். டயரிலேயே கோடு போடுவதுதான் சரி. முன் சக்கரத்தைத் தூக்கி, டயரின் நடுவில் சாக்பீஸைப் பூசி, ஒரு கட்டையில் அடித்த ஆணியின் நுனியை அசையாமல் அதன்மேல் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால், மயிரிழைக் கோடு ஒன்று சுற்றிவர விழும். இரண்டு டயரிலும் கோடு விழுந்ததும் வண்டியை இறக்கி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, நாலைந்து மீட்டர் முன்னுக்குத் தள்ள வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு அளந்தால் ஸ்பிரிங் அதன் இடத்தில் உட்கார்ந்திருக்காது. அச்சின் மையத்துக்குச் சரியான உயரத்தில், டயரின் முன்பக்கம் கோட்டுக்குக் கோடு அளந்து அதே இடத்தில் குறி வைத்துக்கொள்ளவும். அந்தக் குறி பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியைத் தள்ளி, மறுபடி அளக்கவும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசமே டோ. கொஞ்சம் கூடத் தள்ளிவிட்டால் பின்னுக்கு இழுக்கக் கூடாது. புஷ்கள் எதிர்ப்பக்கம் இழுபட்டு அளவைக் கெடுக்கும். முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

திருகும்போது இதைவிடப் பொறுமை வேண்டும். இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைச் சுற்றித்தான் டோவை மாற்ற வேண்டும்; அதில் ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. மரை இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர், ஸ்டீயரிங் ஆர்ம் 15 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், கால் சுற்றுக்கே டயர் விளிம்பில் டோ மூன்றரை மி.மீக்கு மேல் மாறும். அரைச் சுற்று திருகிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர் இருந்ததைவிடக் கெடுத்துக்கொண்டுதான் திரும்புவார்.

இனி குறைகள். முதலாவது தரை. கரிசல் மழையில் உப்பும், கோடையில் வற்றி வெடிக்கும். அதன்மேல் போட்ட சிமெண்டு வாசல் வருஷத்துக்கு ஒரு சாய்மானம் காட்டும். இந்த முறையில் பார்க்கும் டோவுக்கு இது பெரிய கேடில்லை. இரண்டு சக்கரங்களுக்கும் உள்ள உறவைத்தான் அது அளக்கிறது. கேம்பர் அப்படியல்ல. போனில் உள்ள மட்டம் காட்டும் செயலியைச் சக்கரத்தில் சாய்த்துக் கேம்பர் பார்க்கும் பழக்கம் பரவி வருகிறது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே தரை ஒரு சென்டிமீட்டர் சரிந்திருந்தாலே அளவு 0.4 பாகை தப்பிப்போகும். கேம்பரில் கம்பெனி விட்டுக்கொடுக்கும் வரம்பே பெரும்பாலும் அரை, முக்கால் பாகைதான். கொத்தனாரின் தண்ணீர் டியூபை வைத்து நான்கு சக்கரத்தடியிலும் மட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கம் டைல்ஸ் துண்டு வைத்து ஏற்றாமல் எடுத்த கேம்பர் அளவை நம்ப வேண்டாம். ஏற்றி எடுத்தாலும், கோளாறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அது உதவும்.

இரண்டாவது, பின்னச்சு. கோடு போட்டு டேப்பால் அளப்பது முன்னச்சோடு நின்றுவிடுகிறது. பட்டை ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் அறுந்து பின்னச்சு ஒரு பக்கம் நகர்ந்திருந்தால், டோ எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் வண்டி கோணலாகத்தான் ஓடும். மெஷினில் ஏற்றினால் நாலு சக்கரமும் சேர்ந்து தெரியும். வீட்டில் குறைந்தபட்சம் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்து ஒப்பிட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, புது வண்டிகள். 2010இல் வந்த தாரின் சிஆர்டிஇ வகையிலேயே முன்னச்சு மாறிவிட்டது: இரண்டு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும், டார்ஷன் பார் தாங்கும். அந்த பாரைத் திருகி முன்பக்கத்தை உயர்த்தினால் கேம்பரும் டோவும் சேர்ந்தே மாறும். 2020க்குப் பிந்தைய தாரில் விஷ்போன், காயில் ஸ்பிரிங். வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் இஎஸ்பி உள்ள வண்டிகளில் ஸ்டீயரிங் கோணத்தைக் காட்டும் சென்சார் வேறு உண்டு. நேர்நிலை மாறினால் அதற்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் டேப்பை எடுக்காமல் மெஷினுக்குப் போய்விடுவதே நல்லது. சில நூறு ரூபாய் மிச்சம் பார்க்க வேண்டிய இடம் இதில்லை.

இவ்வளவு குறை சொல்லியும் இந்தப் பழக்கத்தை நான் ஆதரிப்பதற்குக் காரணம், அளவெடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைதான். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின், வீல் பேரிங் ஆட்டம் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்ட் ஆட்டம் தெரியும். டயரைக் குறுக்கே உள்ளங்கையால் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் அரம் போலவும் இருந்தால் டோ கெட்டிருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். மெஷினில் ஏற்றி, திரையில் பச்சை வரும்வரை டை ராடைத் திருப்பிவிட்டு, ஆட்டத்தைக் கவனிக்காமல் அனுப்பிவிடும் இடங்கள் இருக்கின்றன. ஆட்டம் உள்ள வண்டிக்கு வைத்த அலைன்மென்ட் முதல் பள்ளம் வரைக்கும்தான் நிற்கும். முழுத்தண்டு அச்சு வண்டிகளில் வேகத்தில் வரும் பயங்கரமான ஸ்டீயரிங் உதறலுக்கும் பெரும்பாலும் இந்த ஆட்டம்தான் காரணம்; டோவை எத்தனை தடவை திருகினாலும் அது அடங்காது.

உயிர் விஷயம் ஒன்றிருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். கரிசல் தரையில் ஜாக்கி சாயும். அதன் அடியில் கனமான பலகை போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, அச்சுக்கு ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் கையை உள்ளே நீட்ட வேண்டும். ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் அடுக்குவது கொலைக்குச் சமம். அது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

வேலை முடிந்ததும் டை ராடு கிளாம்ப் நட்டுகளை இறுக்கி, கழற்றிய இடத்தில் புது காட்டர் பின் போட்டு, ஆள் இல்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் கழித்து டயரை மறுபடி தடவிப் பாருங்கள். அப்போதும் அரம் தட்டினால், டேப்பை வைத்துவிட்டு வண்டியை மதுரைக்கு எடுத்துப் போங்கள்.