இரண்டு வைரங்களின் நடுவே

உள்ளங்கையில் அடங்கும் கருவி அது. மயிரளவு நுனிகள் எதிரெதிரே நிற்கும் இரண்டு வைரங்கள், நெருக்கத் திருகாணிகள். நுனி அவ்வளவு சிறிதானதால் சிறு விசையே பேரமுக்கமாகிறது. என்ன அழகான எளிமை!

2015இல் ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் மிகாயில் எரெமெற்ஸ் குழுவினர் இதற்குள் ஐதரசன் சல்பைட்டை ஏறத்தாழ 15 இலட்சம் வளிமண்டல அமுக்கத்துக்கு நெருக்கினர். மறை 70 பாகை செல்சியசில் மின்தடை மறைந்தது; இதுவே மீகடத்தல். காரணம்? ஐதரசனுக்குப் பதிலாக இருமடங்கு பாரமான தியூற்றீரியத்தை வைத்துப் பார்த்தார்கள். மீகடத்தல் தோன்ற இன்னும் கூடிய குளிர் வேண்டியிருந்தது. பாரம் கூடினால் அணுவின் அதிர்வு மந்தமாகும். ஆகவே இலத்திரன்களைச் சோடி சேர்ப்பது அந்த அதிர்வே. 2025இல் அதே நகரில் செய்த நேரடி அளவீடும் இதை உறுதிசெய்தது.

திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளே, இந்தக் கருவியை அறிந்துகொள்ளுங்கள். சரியான கேள்விக்குச் சிறிய கருவியும் போதும்.