அழகிய பொறுமையின் முகம்

நடிகர் ஒருவரைப் பற்றி இப்பக்கங்களில் எழுதுவதா என்று வாசக அன்பர் சிலர் வினவக்கூடும். மதரஸாவில் ஓதி, அரபியும் தமிழும் கற்பித்து வரும் நாம் திரைப்படத்தைத் தேடிச் செல்பவரல்லர். ஆயினும், ஒரு கலைஞர் நம்மவரில் ஒருவராக வேடம் புனைந்து நாடறிய நின்றாரெனில், அவ்வேடத்தை எடைபோட்டுப் பார்ப்பது நம் கடமையாகிறது.

2012ஆம் ஆண்டு. கோவிலூரில் நம் அண்டை வீட்டு ஆச்சி, வடநாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பியவர், ‘மதுபாலா’ என்னும் இந்தித் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையுலகைக் களமாகக் கொண்ட கதை. அதில் சிறப்புத் தோற்றமாகச் சிறிது நேரமே ஒரு முதியவர் வந்தார். “பாய், இவர் அந்தப் பள்ளிவாசல் பெரியவர்தானே?” என்றார் ஆச்சி. ஆம், அவர்தாம் ஏ.கே. ஹங்கல். தொண்ணூறைக் கடந்த பருவத்தில், பல்லாண்டு இடைவெளிக்குப் பின் நடிக்க வந்திருந்தார். அவ்வாண்டே ஆகஸ்டு 26இல் மும்பையில் மறைந்தார்.

ஆச்சி நினைவுகூர்ந்தது, 1975இல் வெளிவந்த ‘ஷோலே’ படத்தின் இமாம் சாகிபை. பார்வையிழந்த அம்முதியவர், பீடி ஆலை வேலைக்காகத் தம் ஒரே மகனை ஜபல்பூருக்கு அனுப்புகிறார். வழியிலேயே கொள்ளையர் அவனைக் கொன்று, உடலைக் குதிரையில் ஏற்றி ஊருக்கு அனுப்புகின்றனர். ஊரார் வாயடைத்து நிற்க, கோலூன்றி வரும் தந்தை, ஏனிந்த அமைதி என்று கேட்கிறார். பிள்ளைகளைச் சபுருக்கு அனுப்பிவிட்டுக் கடிதத்திற்குக் காத்திருந்த நம் குடும்பங்களுக்கு அக்கேள்வியின் கனம் தெரியும்.

ஹங்கல் அங்கே மார்பில் அறைந்து கதறவில்லை. கைகளால் தடவி மகனை அறிகிறார். குரல் தழுதழுக்கிறது, ஆனால் உடைந்து சிதறவில்லை. பாங்கொலி கேட்டதும் பள்ளிக்குப் புறப்படுகிறார். ஊருக்காக உயிர் கொடுக்க இன்னும் சில மைந்தரை ஏன் தரவில்லை என்று இறைவனிடம் கேட்கப் போவதாகவும் சொல்கிறார்.

இறைவனிடம் இவ்வாறு முறையிடுவது தகுமா எனக் கேட்போருண்டு. யூசுஃப் நபியைப் பிரிந்த துயரால் கண்ணொளி இழந்த யஃகூப் நபி (அலை) அவர்களை நினைவிற் கொள்வோம். அழகிய பொறுமையை மேற்கொண்ட அவர்களும் தம் கவலையை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். மனிதரிடம் முறையிடாமையே அப்பொறுமையின் அழகு என்பர் விரிவுரையாளர். ஹங்கல் இதனை ஓதியறிந்தாரோ இல்லையோ, அவர் நடிப்பு அதனை அறிந்திருந்தது.

குறையும் உண்டு, அது நடிகருடையதன்று, கதையுடையது. மகனைப் பலிகொடுத்த பின்னரே முஸ்லிம் பெரியவர் ஊரின் மனச்சான்றாக உயர்கிறார். இழப்பினால் மட்டுமே நம் நன்மை மெய்ப்பிக்கப்பட வேண்டுமா? இந்தித் திரைக்கதையாளர் பலர் இவ்வழக்கைக் கடந்து சிந்திக்கவில்லை.

அந்த இமாமாக வாழ்ந்தவர் காசுமீரப் பண்டிதர் மரபினர் என்பது பலர் அறியாதது. சியால்கோட்டில் பிறந்து, பெஷாவரில் வளர்ந்து, தையற்கலை பயின்றவர். பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டுக் கராச்சியில் சிறையிருந்தவர். 1949இல் பம்பாய் வந்து மக்கள் நாடக மன்றத்தில் உழைத்தார். 1966இல் ‘தீஸ்ரி கஸம்’ வழியாகத் திரைக்கு வந்தபோது ஐம்பதை எட்டியிருந்தார். பிறந்த மண்ணைக் காண விழைந்து, 1993இல் மும்பையிலிருந்த பாகிஸ்தான் துணைத் தூதரகத்தின் விழாவுக்குச் சென்றதற்காகச் சிவசேனையின் எதிர்ப்புக்கு ஆளாகி, ஈராண்டளவு வாய்ப்பிழந்தார். திரையில் நம் துயரைச் சுமந்தவர், வாழ்விலும் அதில் ஒரு பங்கைச் சுமந்தார். 2006இல் பத்மபூஷண் பெற்றவர், 2011இல் மருத்துவச் செலவுக்கே இடர்ப்பட்டார் என்பது கலையுலகம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

அந்தத் தொலைக்காட்சித் தோற்றத்தில் அவர் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. முகம் காட்டினார், அவ்வளவே. முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னும், நம் பள்ளிவாசலுள் அடிவைத்திராத ஓர் ஆச்சி, அம்முகத்தில் ஓர் இமாமைக் கண்டு மரியாதையோடு விசாரித்தார். நம்மைப் பற்றி நாம் ஆயிரம் உரை நிகழ்த்தியும் எய்தாத இடத்தை, அடக்கமான ஒரு நடிப்பு எய்தியிருந்தது. அக்கடனை நன்றியோடு ஏற்கிறோம்.