தோற்றுப்போன பாட்டின் வெற்றி

1990இல் இத்தாலியில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது, பவரொட்டி பாடிய ‘நெஸ்ஸுன் டோர்மா’வை பிபிசி தன் ஒளிபரப்பின் முகப்புப் பாட்டாக்கியது. புச்சினியின் ‘துராந்தோத்’ ஓப்பராவில், விடிந்தால் வெற்றி தனதே என்று ஓர் இளவரசன் நள்ளிரவில் பாடுவது அது. சொன்னபடியே ஜெயித்தும் விடுகிறான். இப்படிக் கதை சற்றே நிற்க, ஒரு பாத்திரம் மனசைக் கொட்டும் தனிப்பாட்டை ‘ஆரியா’ என்பார்கள். கொங்கு மண்ணில் அதற்கு ஈடு கேட்டால், கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் பாடிய ‘பழம் நீயப்பா’வைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் இது தோற்றுப்போகிற பாட்டு. அதன் பலமே அதுதான்.

காட்சியைப் பாருங்கள். மாம்பழம் கிடைக்காத கோபத்தில் முருகன் கயிலாயத்தை விட்டுக் கிளம்பிவிட்டான். ஆத்திசூடியின் இரண்டாம் அடியிலேயே சினத்தை ஆறவிடச் சொன்ன ஔவை, சினந்து நிற்கும் பிள்ளையைச் சமாதானம் செய்ய வருகிறாள். ‘அப்பா’ என்ற ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள். பேரனைக் கொஞ்சும் பாட்டியின் வாயில் வரும் ‘அப்பா’ அது. தகப்பனுக்கே உபதேசம் செய்த சாமியை வணங்கும் ‘அப்பா’வும் அதுவே. உரிமையும் பணிவும் ஒரே மூச்சில் வருகின்றன. குரல் எவ்வளவு உயரப் போனாலும் ஓர் எழுத்துகூடத் தேய்வதில்லை. ஏனென்றால் எதிரில் இருப்பவனுக்குச் சொல் போய்ச் சேர வேண்டும். அவனோ மசியவில்லை. கடைசியில் பார்வதியே வந்து ஈசனின் விளையாடல்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியதாகிறது. பாட்டு ஜெயித்திருந்தால் படம் அங்கேயே முடிந்திருக்கும்! மாட்டேன் என்று சொல்லக்கூடிய ஒருவன் முன்னால் நிற்பதால்தான் அந்தச் சொற்களுக்கு அத்தனை கனம்.

சுந்தராம்பாளின் அந்தக் கணீர்க் குரலில் எதைப் பாடினாலும் உருக்கும் என்பார்கள். மைக் பரவாத நாடகக் காலத்தில் கடைசி வரிசைவரை எட்டப் பழகிய தொண்டைதான். ஆனால் குரல் காதுவரை கொண்டுவந்து சேர்க்கும். உள்ளே இறக்குவது சந்தர்ப்பம். 1933இல் கணவர் கிட்டப்பாவை இழந்த துயரமே பாட்டில் ஒலிக்கிறது என்றும் சொல்வதுண்டு. கேட்டுப் பாருங்கள், இதில் அழுகை இல்லை, வழக்காடுதல் இருக்கிறது. எல்லாம் பக்திதான் என்ற வாதம் இன்னும் வலுவானது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக் காவிரித் தீர்த்தத்தைக் காவடியில் சுமந்து பழனிக்கு நடக்கிற சனம், முருகன் பாட்டென்றாலே இளகத்தான் செய்யும். ஆனால் கோயில் ஸ்பீக்கரில் ஒலிக்கும் பாட்டுகள் பலவற்றில் பக்தர் புகழ்கிறார், சாமி கேட்டுக்கொண்டிருக்கிறார். இங்கே சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்.

அந்தப் பிடிவாதம் தளர்ந்திருந்தால், முருகன் போய் நின்ற பழனி ஏது? கொடுமுடிக் குரல் கூப்பிட்டும் அவன் இறங்கி வரவில்லை. அதனால்தானோ என்னவோ, வருஷம் தவறாமல் கொடுமுடித் தண்ணீர் மலையேறிப் போகிறது.